தன்னைக் கண்டாவளை என்று சொன்ன ரவுட்டர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மேடையில் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். "அவையள் உற்சாகப்படுற மாதிரி எழுதுங்கோ ஜெசிந்தா அக்கா" என்றார்கள். உற்சாகப்படுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டார்கள். இனி அவர்கள் பாடு.

முதல் நாளே உங்கள் கையில் ஒரு மடிக்கணினியைத் தந்திருப்பார்கள். தூரத்துக் கோபுரங்களில் இணைய இணைப்பை வழிநடத்தும் ரவுட்டர்களுக்குள் இங்கிருந்தபடியே பாதுகாப்பாக நுழைவதற்கான மென்பொருளை அதில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை என்று நினைத்திருப்பீர்கள். எதை அழுத்துவது, எதைத் தெரிவு செய்வது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிடக் கெதியாகச் செய்வீர்கள். எனக்குப் பயமே அந்த வேகம்தான்.

நான் எழுத வந்தது அந்த மென்பொருள் சில நேரம் திரையில் நீட்டுகிற ஒரு சிறிய பெட்டியைப் பற்றி. ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனக்கென்று ஒரு கைரேகை உண்டு. பார்க்க ஒரு நீளமான எழுத்துத் தொடர். முதல்முறை நீங்கள் நுழையும்போது மென்பொருள் அதை மனதில் வைத்துக்கொள்ளும். பிறகொரு நாள் அதே முகவரியிலிருந்து வேறு கைரேகையோடு ஒன்று பதில் சொன்னால், "நீங்கள் தேடி வந்தது இதுவல்ல போலிருக்கிறது, தொடரவா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை முழுதாக வாசித்தவர்களை என் பணிக்காலத்தில் நான் மிகக் குறைவாகவே கண்டேன். வீட்டு வாசல் படலையடியில் தெரியாத ஒருவர் வந்து நின்றால் ஊர், பேர், ஆரின் மகன் என்று நின்ற நிலையில் விசாரிக்கிற சனம், இந்தப் பெட்டிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்" அடிக்கும். ஏன் என்று கேட்டால், "அது எப்பவும் வாறதுதானே அக்கா" என்பார்கள்.

எப்பவும் வருவதில்லை. வந்த ஒரு நாளைச் சொல்கிறேன். நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள், குரல் கொஞ்சம் பெரிது. இந்தக் கதையில் நான் கத்துகிற இடங்கள் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் நிறுவனம் மிகவும் சிறியது. வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டோம். அந்தக் கோபுரங்கள் வழியாகப் பாடசாலைகள், சங்கங்கள், சிறிய சிகிச்சை நிலையங்களுக்கு இணைய இணைப்பும் அதன் மேலே தொலைபேசியும் கொடுத்தோம். முகாமையாளர் சிவநேசன் சேர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எந்தப் பழுதுக்கும் அவரிடம் இருந்தது ஒரே மருந்து: நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போடு. கோபுரங்களில் ஏறி இறங்கும் வேலை தர்சனுடையது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன், என்னைவிட நன்றாக வயது குறைந்தவன், வேகமான கை. மற்றவர்கள் கருவியை வெளியே எடுக்க முன்னரே அவன் வேலையை முடித்துத் திருகாணியை இறுக்கியிருப்பான். அந்த வேகத்தை நான் பலமுறை மெச்சியிருக்கிறேன். பலமுறை திட்டியும் இருக்கிறேன்.

எல்லோரும் அப்போது பழைய வழியில்தான் ரவுட்டர்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அடிக்கிற கடவுச்சொல் மூடியில்லாத பாத்திரத்தில் தெருவழியே போவதுபோலப் போகும். இடையில் யார் எட்டிப் பார்த்தாலும் தெரியும். போதாததற்கு எல்லா ரவுட்டருக்கும் ஒரே கடவுச்சொல். அதைத் தொலைபேசியில் எங்கள் ஆட்கள் சொல்லுகிற சத்தத்தில், கீழே கொத்து ரொட்டி போடுகிறவருக்கும் அது பாடமாகியிருக்கும்.

இதை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கத் தொடங்கியபோது சிவநேசன் சேர் சிரித்தார்.

"இப்ப எல்லாம் நல்லாத்தானே போகுது ஜெசிந்தா. ஏன் சும்மா கிடக்கிறதைக் கிண்டுறியள்?"

"நல்லாப் போகுது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் சேர்? ஆராவது உள்ளுக்கை வந்து போனாலும் எங்களுக்குத் தெரியாதே."

"எங்கடை கோபுரத்தடிக்கு ஆர் வரப்போகினம்? மாடுதான் வரும்."

இப்படி எத்தனையோ முறை. கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார். நான் ஒவ்வொருவருடைய கணினியிலும் பாதுகாப்பான மென்பொருளைப் போட்டேன். ஒவ்வொரு ரவுட்டரின் கைரேகையையும் சரிபார்த்து ஏற்றினேன். அதோடு ஒரு கட்டுப்பாடும் வைத்தேன். கைரேகை மாறியிருந்தால் "தொடரவா" என்ற கேள்வியே வராது. இணைப்பு மறுக்கப்படும், அவ்வளவுதான். இந்த ஒரு கட்டுப்பாட்டுக்காக நான் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. எல்லோருக்கும் தனித்தனித் திறவுகோல் கொடுத்து அந்தப் பொதுக் கடவுச்சொல்லை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டேன். "அதைப் பேந்து பாப்பம்" என்றார் சேர். பிறகு என்று பொருள்படும் இந்தப் "பேந்து"வுக்கு எங்கள் அலுவலக நாட்காட்டியில் இடம் கிடையாது.

பிறகு அந்த மாரி வந்தது.

விடாமல் பெய்த மழையில் குளத்து வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கண்டாவளைப் பக்கம் வயல் எது, வீதி எது என்று தெரியாமல் தண்ணீர் பரவியது. மின்சாரம் போனது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பற்றரி தீர்ந்து ஒவ்வொன்றாகப் படுத்தன. கண்டாவளையில் இடம்பெயர்ந்த சனம் ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் இருந்தது. அந்தப் பாடசாலைக்கு எங்கள் இணைப்பு இருந்ததால், அங்கே நின்ற உத்தியோகத்தர்கள் வெளியே பேசியதெல்லாம் எங்கள் வழியாகத்தான். எந்த ஒழுங்கையில் ஆட்கள் கூரைமேல் நிற்கிறார்கள், எங்கே படகு வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கிளிநொச்சியிலிருந்து படகுகளை அனுப்பினார்கள்.

மத்தியானம் கழிந்த கொஞ்ச நேரத்தில் அந்தத் தொடர்பு அறுந்தது. கண்டாவளைக்குப் போகும் பிரதான வழியில் இருந்த கோபுரத்தடியில் தண்ணீர் ஏறி, பற்றரிப் பெட்டி மூழ்கிவிட்டது. வட்டக்கச்சி வழியாக இன்னொரு வழி இருந்தது. பிரதான வழி போனால் கண்டாவளை ரவுட்டர் தானாகவே அந்த வழிக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. முன்பு ஏதோ பழுது பார்த்தபோது யாரோ அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறந்திருந்தார்கள். ஆகவே யாராவது உள்ளே போய், "இனி வட்டக்கச்சிப் பக்கம் பார்" என்று சொல்லி ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும். வாகனத்தில் போக வழியில்லை. இருந்த இடத்திலிருந்துதான் செய்ய வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து சேருக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு. அவர் இரண்டு காதிலும் தொலைபேசியை வைத்துக்கொண்டு என் மேசையைச் சுற்றி நடந்தார்.

நான் கண்டாவளை முகவரியைத் தட்டினேன். வழியே இல்லாத இடத்துக்கு அடிக்கிறேன், மௌனம்தான் வரும் என்று நினைத்தேன். ஆனால் பதில் வந்தது. வந்ததும் என் கணினி மறுத்துவிட்டது. கைரேகை வேறு.

"என்ன ஜெசிந்தா, உள்ளுக்குப் போனனீங்களோ?"

"இல்லை சேர். கைரேகை மாறியிருக்கு."

"மின்னல் அடிச்சு ரீசெட் ஆகியிருக்கும். வெள்ளத்துக்கை எல்லாந்தான் மாறும். ஓம் எண்டு அடியுங்கோ."

"என்ரை கணினியிலை ஓம் எண்டு ஒரு பொத்தான் இல்லை சேர். நான்தான் எடுத்துவிட்டனான்."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"இப்பிடி ஒரு நேரத்திலை நீங்கள் அடியுங்கோ எண்டு சொல்லுவியள் எண்டுதான்."

அவர் முகம் சிவந்தது. சிவக்கட்டும் என்று நான் திரையைப் பார்த்தேன். ரவுட்டர் ரீசெட் ஆகி, உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கியிருந்தால் கைரேகை மாறும், உண்மைதான். ஆனால் அப்படி ஆகியிருந்தால் முகவரியும் அழிந்திருக்கும், நாங்கள் கூப்பிட்ட குரலுக்குப் பதிலே வராது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. பிரதான வழி செத்துவிட்டது, மாற்று வழி திறக்கவில்லை. அப்படியானால் இந்தப் பதில் எந்த வழியால் வருகிறது?

இதை நான் சேருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து தர்சனின் குரல் வந்தது.

"அக்கா, நான் உள்ளுக்கை நிக்கிறன்."

கதிரையை அப்படியே திருப்பினேன். அவனுடைய கணினியில், ரவுட்டருக்குள் நுழைந்தால் வரும் கறுப்புத் திரை திறந்திருந்தது.

"நீ எப்பிடிப் போனனீ?"

"அந்தக் கட்டுப்பாட்டை நான் அப்பவே எடுத்துவிட்டனான் அக்கா. ஒவ்வொருக்காலும் அதோடை மாரடிக்க ஏலாமல் கிடந்தது."

"கடவுச்சொல்லை அடிச்சிட்டியோ?"

"அடிக்காமல் எப்பிடி உள்ளுக்கை வாறது? இஞ்சை பாருங்கோ, பேரும் சரி. கண்டாவளை எண்டு தானே சொல்லுது."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். திரையின் ஓரத்தில் கண்டாவளை என்று தெளிவாக இருந்தது. கொடுக்க வேண்டிய கட்டளைகளை அவன் ஏற்கனவே எழுதி வைத்திருந்தான். ஒட்டிவிட்டு ஒரு விசையை அழுத்த வேண்டியதுதான் மிச்சம். நான் எழுந்து போய் அவன் விசைப்பலகைக்கு மேலே என் கையை விரித்து வைத்தேன்.

"அக்கா, கையை எடுங்கோ."

"எடுக்கமாட்டன்."

"முகவரி சரி, கடவுச்சொல் சரி, பேர் சரி" என்றார் சேர். "மூண்டு சரி, ஒண்டு பிழை. மூண்டுதானே ஜெசிந்தா கூட?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் தர முடியாது. "சேர், பேரை ஆரும் எழுதலாம். முகவரியை ஆரும் எழுதலாம். கடவுச்சொல்லை நாங்களே ஊருக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கிறம். ஒருதரும் கையாலை எழுதாதது அந்தக் கைரேகை ஒண்டுதான். அதைத்தான் நம்பேலாது எண்டு சொல்லுறியளோ?" என்று கத்தினேன். கீழே சாப்பாட்டுக்கடையில் கொத்துச் சத்தம் நின்றது எனக்கு ஞாபகம்.

தர்சன் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னான். "அக்கா, அங்கை சனம் தண்ணிக்கை நிக்குது."

இதை நான் உங்களுக்கு ஒளிக்க விரும்பவில்லை. அவன் சொன்னது உண்மை. நான் பிடிவாதம் பிடித்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எங்கேயோ ஒரு கூரையில் யாரோ நனைந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ரவுட்டர் உண்மையிலேயே கண்டாவளையாக இருந்து, ஏதோ எனக்குத் தெரியாத காரணத்தால் கைரேகை மாறியிருந்தால், நான் செய்வது பெரிய பாவம். கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"ஒண்டே ஒண்டு கேள்" என்றேன். "பக்கத்திலை ஆர் நிக்கினம் எண்டு அதிட்டைக் கேள். பேந்து நீ நினைச்சதைச் செய், நான் மறிக்கேல்லை."

ஒரு ரவுட்டரிடம் அதன் அயலில் நேரடியாக இணைந்திருப்பவை எவை என்று கேட்கலாம். சின்னக் கட்டளை, எதையும் மாற்றாது. கண்டாவளையாக இருந்தால் வட்டக்கச்சி பெயராவது வர வேண்டும். தர்சன் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். ஒரே ஒரு பெயர் வந்தது. தர்மபுரக் கோபுரம்.

மூவரும் அதைப் பார்த்தோம்.

"தர்மபுரமோ?" என்றார் சேர். "கண்டாவளை எப்பிடித் தர்மபுரத்தோடை நிக்கும்?"

"நிக்காது சேர்" என்றான் தர்சன். குரல் இறங்கிவிட்டது. "இது அந்தக் கிளினிக்கிலை பூட்டின புது ரவுட்டர்."

தர்மபுரத்துக்கு உள்ளே ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறிய சிகிச்சை நிலையத்துக்கு நாங்கள் புது இணைப்புக் கொடுத்திருந்தோம். ஆள் பற்றாக்குறையால் அந்த வேலையை வெளியே ஒருவரிடம் விட்டிருந்தார் சேர். அந்த மனிதர் என்ன செய்திருக்கிறார் என்றால், கண்டாவளை ரவுட்டரின் அமைப்பை அப்படியே பிரதி எடுத்துப் புதுப் பெட்டியில் ஏற்றியிருக்கிறார். இணைப்பு வேலை செய்யத் தேவையானதை மாத்திரம் திருத்திவிட்டு, பெயரையும் நாங்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் முகவரியையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பிரதான வழி திறந்திருந்தவரை கண்டாவளையே எங்களுக்குக் கிட்ட என்பதால் அதுதான் பதில் சொன்னது. ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. கண்டாவளை வாய் மூடியதும், "நான்தான் கண்டாவளை" என்று இது பதில் சொல்லத் தொடங்கிவிட்டது.

பிரதி எடுத்தபோது எல்லாம் பிரதியானது. கைரேகை மட்டும் பிரதியாகவில்லை. அதை அந்தப் பெட்டி முதன்முறை எழும்பும்போது தானே உண்டாக்கிக்கொள்கிறது.

தர்சன் எழுதி வைத்திருந்த கட்டளைகள் அந்தப் பெட்டிக்குப் போயிருந்தால், அது தனக்கு இருந்த ஒரே வழியையும் கைவிட்டு, தனக்கு இல்லாத வட்டக்கச்சி வழியைத் தேடி நின்றிருக்கும். இங்கிருந்து யாராலும் அதைத் திரும்பப் பிடித்திருக்க முடியாது. வெள்ளம் வடிந்து ஒருவர் நேரில் போகும்வரை அந்தச் சிகிச்சை நிலையம் ஊமையாக இருந்திருக்கும்.

நான் அந்த நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்களால் அங்கே ஏதாவது குழம்பியிருக்கிறதா என்று கேட்கத்தான். சேருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன். ஒரு தாதி எடுத்தார்.

"ஆர்?"

"நாங்கள் இன்ரநெற் கொம்பனியிலை இருந்து. உங்கடை லைன்..."

"சரியான நேரம் பாத்துத்தான் எடுக்கிறியள்! இஞ்சை ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கு. கிளிநொச்சி டொக்டரை மற்ற ஃபோனிலை படத்திலை வச்சுக்கொண்டு அவர் சொல்லச் சொல்லச் செய்து கொண்டு நிக்கிறம். தயவுசெய்து லைனிலை கையை வச்சிடாதையுங்கோ!"

வைத்துவிட்டார்.

சேர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கையிலிருந்த தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து, "வெளியிலை வா தர்சன்" என்றார். தர்சன் அந்தக் கறுப்புத் திரையிலிருந்து வெளியேறினான். அவ்வளவு மெதுவாக அவன் விசை அழுத்தி நான் கண்டதில்லை.

அத்தோடு முடிந்துவிடவில்லை. கண்டாவளை இன்னும் இருட்டில்தான் இருந்தது. நான் சொன்னது சரி என்பதற்காக ஒரு படகும் நகர்ந்துவிடாது.

வட்டக்கச்சி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று தீர்மானித்தோம். வட்டக்கச்சி ரவுட்டருக்கு என் கணினி எந்த முரண்டும் பிடிக்காமல் போனது, அதன் கைரேகை சரி. அங்கிருந்து கண்டாவளைக்குப் போகும் கம்பியில்லாத் தொடுப்பு உயிரோடு இருந்தது. அதில் யாரும் போகச் சொல்லி வழிகாட்டாததுதான் குறை. அந்தத் தொடுப்பின் மறுமுனை முகவரியைத் தட்டினேன். பதில் வந்தது. இந்த முகவரியால் நாங்கள் முன்பு ஒருபோதும் நுழையாததால், "இந்த ஆளை எனக்குத் தெரியாது, கைரேகை இது, ஏற்கலாமா?" என்று கேள்வி வந்தது.

"தர்சன், உன்ரை கணினியிலை கண்டாவளைக்கு நான் ஏத்தின பழைய கைரேகையை எடு. நான் வாசிக்கிறன், நீ பார்."

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அவன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு "ஓம்... ஓம்..." என்று வந்தான். சேரின் தொலைபேசி மறுபடி அடித்தது.

"எல்லாம் பாக்க வேணுமோ? முன்னுக்குக் கொஞ்சமும் பின்னுக்குக் கொஞ்சமும் பாத்தாப் போதாதோ?"

"காணாது சேர்."

அவர் அழைப்பை வெட்டிவிட்டு, தர்சனின் தோளுக்கு மேலால் குனிந்து அவரும் எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கினார். வாழ்க்கையில் முதல்முறை. கடைசி எழுத்துவரை பொருந்தியது. ஏற்றேன். உள்ளே போனதும் முதலில் அயலைக் கேட்டேன். வட்டக்கச்சி என்றது. வழியை மாற்றும் கட்டளைகளைத் தர்சன் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான், நான் அடித்தேன். நிறுத்திப் போட வேண்டிய அவசியம்கூட வரவில்லை.

சேர் கண்டாவளைப் பாடசாலை இலக்கத்தை அழைத்தார். நீண்ட நேரம் அடித்தது. பிறகு ஒரு ஆண்குரல், "கேக்குது, கேக்குது! விட்டிடாதையுங்கோ, படகு எந்தப் பக்கத்தாலை வருகுது?" என்று கத்தியது. சேர் கிளிநொச்சி ஆட்களை அதோடு இணைத்துவிட்டு யன்னலடிக்குப் போய் நின்றார். அந்தக் கூரைகளில் நின்றவர்களை மாலைக்குள் இறக்கிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி வரும். இவ்வளவும் நடந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் திருந்தியிருப்பார்கள், இல்லையா?

அடுத்த கூட்டத்தில் சேர் வெள்ளத்தின்போது நாங்கள் கண்டாவளையை மீட்டதைப் பற்றி நன்றாகப் பேசினார். தேநீர் குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கைரேகைப் பெட்டி அண்டைக்கு எங்களை நல்லாத் தாமதப்படுத்திப் போட்டுது. அது வராமல் செய்ய ஏலாதோ?" என்று கேட்டார். நான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அந்தப் புதுப் பெட்டியைப் பூட்டியவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, "பேர்தானே அக்கா, மாத்தினாப் போச்சு" என்றார். பேர்தானாம்.

ஆனால் தனித்தனித் திறவுகோல் விடயத்தில் மட்டும் நான் விடவில்லை. அன்று தர்சன் கடவுச்சொல்லைக் கொடுத்தது எங்கள் பெட்டிக்கு என்பதால் தப்பினோம். வேறு யாராவது வைத்த பெட்டியாக இருந்திருந்தால், வன்னி முழுக்க உள்ள எங்கள் கோபுரங்களின் சாவியை அவர்கள் கையில் கொடுத்திருப்போம். இதை நான் சேர் கையெழுத்து வைக்கும்வரை அவருக்குக் காலையிலும் சொன்னேன், மத்தியானத்திலும் சொன்னேன். தர்சன் தன் கணினியில் அந்தக் கட்டுப்பாட்டைத் தானே திரும்பப் போட்டுவிட்டு வந்து, "பாருங்கோ அக்கா" என்று காட்டினான். பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அப்போது எனக்குக் கோபம் ஆறவில்லை.

தண்ணீர் வடிந்து வீதி திறந்த பிறகு அவனும் நானும் அந்தச் சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். அந்தப் பெட்டியின் பெயரையும் முகவரியையும் நேரில் நின்று மாற்ற வேண்டியிருந்தது. மதில் சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம் இன்னும் காயவில்லை. தொலைபேசியில் என்னை ஏசிய தாதியிடம் போய், "கொஞ்ச நேரம் லைனை நிப்பாட்ட வேணும் மிஸ். இப்ப ஆரும் டொக்டரோடை கதைக்கினமோ?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இணைப்பு வேலைக்கு வந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒருதரும் இல்லை, செய்யுங்கோ" என்றார்.

சுவரோரத்து மர வாங்கில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தாதி அவளைக் காட்டினார். "அண்டைக்கு நீங்கள் ஃபோன் எடுத்து என்னட்டை ஏச்சு வாங்கினது இவவுக்காகத்தான். வெள்ளத்துக்கை கொண்டுபோக ஏலாமல் இஞ்சையே பிறந்தது. இரத்தம் நிண்ட பிறகு அடுத்த நாள்தான் டிரக்டரிலை ஏத்தி அனுப்பினனாங்கள்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "இவைதான் லைன் குடுக்கிற ஆக்கள்" என்றார்.

அவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"உங்கடை லைன் சரியான மோசம் அக்கா" என்றாள். "டொக்டர் கதைக்கேக்கை படம் நிண்டு நிண்டுதான் வந்தது. எனக்கு இருந்த பயத்துக்கு அவர் வாய் திறந்தபடி அப்பிடியே நிக்கிறார். அதைத் திருத்த மாட்டியளோ?"

தர்சன் வாயைத் திறந்தான். மழை, கோபுரம், அன்று நாங்கள் பட்ட பாடு என்று ஏதோ சொல்லப் போகிறான் என்று தெரிந்து அவன் காலை மிதித்தேன்.

"திருத்துறம் தங்கச்சி" என்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பிய அன்றே அந்த இணைப்பின் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன். "பேந்து பாப்பம்" என்று பதில் வந்தது. பிறகும் கேட்டேன், ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டி இன்னும் அங்கே அதே வேகத்தில்தான் ஓடுகிறது என்று தர்சன் சொல்கிறான். இப்போது அவன்தான் உங்களுக்கு மேலே இருக்கிறான். உங்களில் யாருக்காவது கை சும்மா இருந்தால், அவனிடம் போய்க் கேளுங்கள். அவன் "பேந்து" என்று சொன்னால், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.